லட்சத்தில் ஒருவர் என்றால் அதிகமா, குறைவா?

1976 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சல் தொற்றி ஓர் இளம் சிப்பாய் இறந்தார். 1918இல் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட ஃப்ளூ திரும்பி வருகிறதோ என்று அஞ்சிய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் அரசு, நாட்டு மக்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போட முடிவெடுத்தது. அக்டோபரில் தொடங்கி பத்தே வாரங்களில் சுமார் நான்கரைக் கோடிப் பேர் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் சிலருக்குக் கைகால்களை முடக்கும் கில்லன் பாரே நோய் வந்தது. வழக்கமாக வருவதைவிடக் கூடுதலாக லட்சத்தில் ஒருவருக்கு வந்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. எந்தக் கொள்ளைநோய்க்குப் பயந்து இத்தனையும் நடந்ததோ, அது வரவே இல்லை.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனெகா நிறுவனமும் உருவாக்கிய கொரோனா தடுப்பூசியிலும் ஏறக்குறைய இதே அளவு ஆபத்து தெரியவந்தது. புனே சீரம் நிறுவனம் நமக்குத் தயாரித்துக் கொடுத்த கோவிஷீல்டு இதுதான். ரத்தத் தட்டணுக்கள் குறையும். தட்டணு குறைந்தால் ரத்தம் உறையாது என்றுதான் எதிர்பார்ப்போம், ஆனால் இதில் மூளையிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக் குழாய்களை உறைகட்டிகள் அடைத்துவிடும். 2021 மார்ச் இறுதி வரை பிரிட்டனில் போட்ட இரண்டு கோடி டோஸ்களில் 79 பேருக்கு இது வந்து, 19 பேர் இறந்திருந்தார்கள். மருத்துவர்கள் இதைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழகியதும் எண்ணிக்கை கூடியது. 50 வயதைத் தாண்டியோரில் லட்சத்துக்குச் சுமார் ஒருவர், அதற்குக் கீழுள்ளோரில் லட்சத்துக்குச் சுமார் இருவர் என்று கணக்கு நிலைபெற்றது. 1976இன் தடுப்பூசி ஒரு தோல்வியாகவே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 2021இன் தடுப்பூசியைப் பிரிட்டன் தொடர்ந்து போட்டது, இந்தியாவும் போட்டது, பெரும்பாலோருக்கு அது சரியான முடிவாகவும் இருந்தது. ஆபத்து ஒரே அளவுதான், தீர்ப்பு மட்டும் நேர் எதிர். பக்கவிளைவு எத்தனை பேருக்கு வரும் என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்த நோய் உங்களை எந்த அளவுக்கு மிரட்டுகிறது என்ற இரண்டாவது எண்ணும் வேண்டும். முதல் எண்ணைச் சொல்ல ஊடகங்கள் இருக்கின்றன, வாட்ஸ்அப் இருக்கிறது. இரண்டாவது எண் வயதுக்கு வயது, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை யாரும் நமக்காகச் சொல்வதில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய நல்ல முயற்சி ஒன்று உண்டு. 2021 ஏப்ரல் 7 அன்று, புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரோடு தொடர்புடைய கேம்பிரிட்ஜின் விண்டன் மையம் தயாரித்த வரைபடங்களைப் பிரிட்டன் அரசு வெளியிட்டது. தொற்று குறைவாக இருக்கும் காலத்தில், அறுபதுகளில் உள்ள லட்சம் பேர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் 16 வாரங்களில் 14 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் தப்புவார்கள். அன்றைய கணக்குப்படி ஊசியால் கடும் பாதிப்பு அடைவோர் 0.2, அதாவது ஐந்து லட்சம் பேரில் ஒருவர். இருபதுகளில் உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழாகிறது: தப்புவோர் 0.8, பாதிக்கப்படுவோர் 1.1. ஆனால் தொற்று உச்சத்தில் இருந்தால் அதே இருபது வயதுக்காரர்களிலும் தப்புவோர் கிட்டத்தட்ட 7 ஆக உயர, பாதிக்கப்படுவோர் அதே 1.1இல் நிற்கிறார்கள். ஊசியின் ஆபத்து இம்மியும் மாறவில்லை, வெளியே உள்ள நிலவரம்தான் மாறியது. 30 வயதுக்குக் கீழுள்ளோருக்கு வேறு தடுப்பூசி கொடுங்கள் என்று பிரிட்டனின் நிபுணர் குழு அன்றே பரிந்துரைத்தது. ஒரு மாதத்தில் அந்த வரம்பை 40 ஆக்கியது.

ஆஸ்திரேலியாவில் இதே கணக்கு இன்னும் வெளிப்படையாகப் புரண்டது. எல்லைகளை மூடிவைத்திருந்த அந்த நாட்டில் 2021 ஜூன் நடுவில் கொரோனா அநேகமாக இல்லை. எனவே ஜூன் 17 அன்று, 60 வயதுக்குக் கீழுள்ளோர் அஸ்ட்ராஜெனெகாவைத் தவிர்த்து ஃபைசரைப் போட்டுக்கொள்வதே நல்லது என்று நிபுணர் குழு சொன்னது. அதே வாரம் சிட்னியில் டெல்டா வகை நுழைந்திருந்தது. ஜூலை 24 அன்று அதே குழு, சிட்னியில் உள்ள 18 வயது நிறைந்த எல்லோரும் அஸ்ட்ராஜெனெகா உட்பட எந்த ஊசி கிடைத்தாலும் போட்டுக்கொள்வது பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்றது. இடையில் ஐந்து வாரம்தான். 'நிபுணர்களுக்கே நிச்சயமில்லை, நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்கிறார்கள், இவர்களை எப்படி நம்புவது?' என்ற கேள்வி அங்கே பலமாக எழுந்தது. கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரதமர் ஒன்று சொல்ல, குவீன்ஸ்லாந்தின் தலைமை சுகாதார அதிகாரி அதை மறுக்க, குழப்பத்தை வளர்த்தவர்கள் மேலே இருந்தவர்களே. ஆனால் குழுவின் பரிந்துரையை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதில் முரண் இல்லை. தொற்றே இல்லாத ஊரில் லட்சத்தில் இரண்டு என்பது வீண் ஆபத்து. தொற்று தெருவுக்கு வந்துவிட்ட ஊரில் அது கொடுத்துத் தீர வேண்டிய விலை. சூழல் புரண்ட பிறகும் பழைய பரிந்துரையையே சொல்லிக்கொண்டிருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நம் ஊரில் அந்த மாதங்களில் தராசு ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. 2021 மே முதல் வாரத்தில் இந்தியாவில் ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. மே 21 அன்று தமிழ்நாட்டில் மட்டும் 36 ஆயிரத்தைத் தாண்டியது. கோவிஷீல்டு பத்து லட்சம் டோஸ்களுக்கு 0.61 பேருக்கு உறைகட்டிப் பாதிப்பு வந்ததாக மத்திய அரசின் குழு அதே மாதம் அறிவித்தது. இது குறைத்து மதிப்பிட்ட எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. பிரிட்டனின் எண்ணையே நமக்கும் வைத்துக்கொள்வோம், ஏன், அதை இரண்டு மடங்காகவே ஆக்கிக்கொள்வோம். அப்போதும் மே மாதச் சென்னையில் அறுபது வயதுக்காரர் ஒருவர் ஊசிக்குப் பயந்து காத்திருந்தது மோசமான பந்தயம்தான். அவரைப் பயமுறுத்தியது இந்த எண் அல்ல என்பது வேறு விஷயம். நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று கோவேக்சின் போட்டுக்கொண்டு, 17 அன்று மாரடைப்பால் காலமானது தமிழ்நாட்டையே உலுக்கியது. அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழுவின் அறிக்கை வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று பார்க்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டால், அதற்குள் ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடும். 2024இல் லண்டன் நீதிமன்ற ஆவணத்தில் அஸ்ட்ராஜெனெகா இந்தப் பக்கவிளைவை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததும் இங்கே மறுபடி பீதி கிளம்பியது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலிலேயே பட்டியலிட்ட பக்கவிளைவு அது. ஊசி போட்ட சில நாட்களில், மிஞ்சினால் ஆறு வாரங்களுக்குள் வருவது. மூன்று வருடம் கழித்துத் தேடி வருவதல்ல.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: தெரிந்த ஆபத்தைக் கணக்கிடலாம், புதிய ஊசியில் இன்னும் தெரியாத ஆபத்தை எப்படிக் கணக்கிடுவது? நியாயமான கேள்வி. புதிய தடுப்பூசிகளில் தெரியாதது உண்டு என்பதை அரசுகள் பொதுவாக ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன. இருபதாயிரம் பேரிடம் சோதித்து ஒருவருக்குக்கூட ஒரு பாதிப்பு வரவில்லை என்றாலும், ஏழாயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடும் என்பதைக் கணிதப்படி மறுக்க முடியாது. லட்சத்தில் ஒருவருக்கு வருவது பரிசோதனைக் கட்டத்தில் கண்ணில் படவே படாது. பல லட்சம் பேர் போட்டுக்கொண்ட பிறகே தெரியும். ஆனால் தெரியாததற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த ஏழாயிரத்தில் ஒன்று என்பதே அந்த எல்லை. நோயால் உங்களுக்குள்ள ஆபத்து நூற்றில் ஒன்று, இருநூற்றில் ஒன்று என்றால் அந்தத் தெரியாமையோடு சேர்த்தே ஊசி லாபம். அதுவே நோயின் ஆபத்து பல்லாயிரத்தில் ஒன்று, தொற்றும் ஊரில் இல்லை என்றால், சில மாதம் பொறுத்துப் பார்க்கிறேன் என்பவரை முட்டாள் என்று ஏசுவது தவறு. ஜூன் மாதத்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் முப்பது வயதுக்காரர் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் கணக்கறிந்தவர். காலத்தைப் பொறுத்தவரை, 1976இன் கில்லன் பாரேயும் 2021இன் உறைகட்டியும் சில வாரங்களுக்குள் தலைகாட்டியவையே. தடுப்பூசிகளின் தீங்கு பொதுவாக இப்படித்தான் சீக்கிரம் வெளிப்படுகிறது.

இதற்கு முக்கியமான ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. சனோஃபி நிறுவனத்தின் டெங்கு தடுப்பூசியான டெங்வேக்சியாவை 2016 ஏப்ரல் முதல் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் போட்டுக்கொண்ட பிறகு, 2017 நவம்பர் 29 அன்று நிறுவனம் ஒன்றை அறிவித்தது: ஏற்கெனவே டெங்கு வந்தவர்களுக்கு இது பாதுகாப்பு, ஒருபோதும் வராதவர்களுக்கோ, பின்னால் டெங்கு வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. டெங்குக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோன உடலில் வேறு வகை நுழையும்போதுதான் பெரும்பாலும் நோய் மூர்க்கமாகிறது. டெங்குவையே பார்த்திராத உடலுக்கு ஊசியே அந்த முதல் தொற்றின் வேலையைச் செய்துவிட்டது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஊசி நன்மையையே காட்டியது. அந்தச் சராசரிக்குள் பாதுகாக்கப்பட்டவர்களும் ஆபத்தில் தள்ளப்பட்டவர்களும் கலந்திருந்தார்கள். விளைவு டெங்குவோடு நிற்கவில்லை. தடுப்பூசிகள் முக்கியம் என்று உறுதியாக நம்பிய பிலிப்பைன்ஸ்காரர்கள் 2015இல் 93 விழுக்காடு, 2018இல் 32. அடுத்த ஆண்டு தட்டம்மை அங்கே பெருமளவில் பரவியது. 'சராசரி லாபம் தெரிந்தால் போதாதா, தனி மனிதர் எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும்?' என்று கேட்கும் அதிகாரிகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஆனால் இந்தக் கணக்குக்கே எதிரான ஒரு வாதம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றில் ஆக வலுவானது அது. அதற்கு வயது இருநூற்று அறுபதுக்கு மேல். பெரியம்மைக் கொப்புளத்தின் சீழை எடுத்து ஆரோக்கியமானவரின் தோலில் கீறி ஏற்றும் முறை, தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜென்னருக்கு முந்தைய ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. 1760இல் கணித மேதை டேனியல் பெர்னூலி பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு கணக்கை வைத்தார். அந்த முறையால் இருநூறில் ஒருவர் இறந்தாலும், எல்லோரும் செய்துகொண்டால் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு கூடும் என்றார். அதே ஆண்டு இன்னொரு மேதை தாலம்பேர் எழுந்து மறுத்தார். கணக்கு சரி, மனிதன் அப்படி நினைப்பதில்லை: இந்த மாதமே செத்துப்போகும் ஆபத்தை, கிழவயதில் சேரப்போகும் சில வருடங்களோடு யாரும் சரிசமமாக நிறுத்துப் பார்க்க மாட்டார்கள், அரசு சராசரியைப் பார்க்கலாம், தகப்பன் தன் பிள்ளையைத்தான் பார்ப்பான். தாலம்பேர் அம்மை குத்துவதை எதிர்த்தவரல்ல, எனவே இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. நான் கையெழுத்துப் போட்டு வந்த தீங்கும் தானாக வந்த தீங்கும் மனத்துக்கு ஒன்றல்லதான். இருந்தும், அவருடைய வாதத்தின் பலம் முழுவதும் நோய் தொலைவில் இருக்கிறது என்பதில்தான் நிற்கிறது. இரண்டு ஆபத்தும் ஒரே மாதத்தில் வாசலில் வந்து நிற்கும்போது அந்த வாதம் தளர்கிறது. மே மாதச் சென்னையில் ஊசி போடாமல் இருந்ததும் ஒரு பந்தயம்தான், பணம் கட்டிய சீட்டு கையில் இல்லை என்பதே வித்தியாசம்.

நாம் போட்டுக்கொள்வதால் வீட்டில் உள்ள முதியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பைக் கணக்கில் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் அதை உங்களுடைய லாபமாகச் சொல்லி யாரும் விற்கக் கூடாது. இத்தனை கணக்கும் சாமானியருக்கு எட்டுமா என்பவர்களுக்கு ஒன்று: துல்லியமான எண் தேவையில்லை. நோயின் பக்கம் ஆயிரத்தில் ஒன்றா, லட்சத்தில் ஒன்றா என்ற அளவில் தெரிந்தாலே பெரும்பாலான முடிவுகள் தாமாக விழுந்துவிடும். இரண்டு பக்கமும் நெருங்கி வரும்போதுதான் மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

இந்தப் பேச்சுக்கு விரைவில் வேலை வரும். பனேசியா பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, ஒரே டோஸ் டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரண்டு ஆண்டு கண்காணிப்பது திட்டம். அதே கழகம் 2017–18இல் ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது, தென்னிந்தியாவில் ஏறக்குறைய 77 விழுக்காட்டினரின் உடலில் டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. வடகிழக்கில் 5 விழுக்காட்டினரிடம்தான். இது டெங்வேக்சியாவிலிருந்து வேறுபட்ட ஊசி, அதன் குறை இதற்கும் இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. ஆனாலும் ஊசி கடைக்கு வரும் நாளில், 'எத்தனை விழுக்காடு பலன்?' என்ற ஒற்றைக் கேள்வியோடு திரும்பிவிடாதீர்கள். டெங்கு ஒருமுறையும் வராதவர்களிடம் முடிவு தனியாக என்ன, அவர்களை எத்தனை ஆண்டு கவனித்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு முன்பு டெங்கு வந்திருக்கிறதா என்பதற்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால், அதைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.