எள்ளலும் நகையும்

ஆண்டுதோறும் புதிய பருவம் பிறக்கும்போது தொலைக்காட்சி நிலையங்கள் புதிய நகைச்சுவைத் தொடர்களை ஆரவாரத்தோடு அறிமுகம் செய்கின்றன. மேலை நாடுகளில் இலையுதிர் காலம் இதற்கு உரியது; தமிழ் வழங்கும் நாடுகளில் திருநாட் காலங்கள் உரியவை. சில வாரங்கள் சென்றதும் பத்திரிகைகள் தராசைக் கையில் எடுத்து, இது தலைசிறந்தது, இது கடைப்பட்டது என்று நிறுத்துக் கூறுகின்றன. நிறுப்பது எளிது, எந்தப் படிக்கல்லைக் கொண்டு நிறுப்பது என்பதே கேள்வி. மிகுதியான மக்கள் பார்த்தனர் என்பது ஓர் அளவு. பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்தனர் என்பது மற்றோர் அளவு. இவ்விரண்டும் போதா என்பதைச் சில தொடர்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சிரிப்பைப் பற்றித் தமிழர் ஆராயத் தொடங்கியது இன்று நேற்றன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்து எண்ணுகிறது. அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் காரணமாகப் பிறக்கும் என்றும் வகுக்கிறது. குழந்தையின் மழலையைக் கேட்டுச் சிரிப்பது இளமை பற்றியது. அறியாமையால் நேரும் பிழையைக் கண்டு சிரிப்பது பேதைமை பற்றியது. சொன்னதை அப்படியே நம்பி விடாது பற்றி நிற்பவரைக் கண்டு சிரிப்பது மடன் பற்றியது. இம்மூன்றினும் வேறாக நிற்பது எள்ளல். பிறரை எள்ளித் தான் நகுவதும், பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவதும் என அதற்கு இரு பக்கம் உண்டு என்பர் உரையாசிரியர். இந்த இரண்டாம் பக்கமே இங்கே கருதத்தக்கது. எள்ளப்பட்டவனும் சேர்ந்து சிரிக்கக் கூடுமாயின் அது நகை. அவன் தலை குனிய, ஏனையோர் மட்டும் சிரிப்பின் அது வேறொன்று.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் உண்டு. 1951 ஆம் ஆண்டில் சி. பி. எஸ். என்னும் ஒரே நிறுவனம் இரண்டு புதிய நகைச்சுவைத் தொடர்களைத் தொடங்கியது. இரண்டும் மக்கள் விரும்பிப் பார்த்தவை. இரண்டிலும் பேச்சு வழக்கு ஒரு சிரிப்புப் பொருளாக அமைந்திருந்தது.

முதலாவது, அவ்வாண்டு ஜூன் மாதம் தொடங்கிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி'. இது 1928 முதல் வானொலியில் பெரும்புகழ் பெற்றிருந்த நாடகம். அதில் கறுப்பின மக்களாகப் பேசி நடித்த பிரீமன் கோஸ்டன், சார்ள்ஸ் கொரல் ஆகிய இருவரும் வெள்ளையர். கறுப்பின மக்களின் பேச்சைத் திரித்துப் பேசுவதே அவர்களுடைய கலையின் மூலதனமாக இருந்தது. தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தனர். அவர்கள் திறமை மிக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வார்ப்பு பழைய வார்ப்பே. அதில் வந்த வழக்கறிஞர் ஏமாற்றுக்காரர். ஏனையோர் பலர் சோம்பேறிகள் அல்லது அறிவிலிகள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசிய சங்கம் இதனை வன்மையாகக் கண்டித்தது. அத்தகையோர் அம்மக்களிடையே இல்லை என்பதன்று அதன் வாதம். வேறு எவரையும் அன்றைய திரையில் காட்டாதபோது, இந்த ஒரு படமே முழு இனத்தின் படமாகிவிடுகிறது என்பதே வாதம். 1953 இல் சி. பி. எஸ். நிறுவனத்தின் ஒளிபரப்பு நின்றது. பழைய பகுதிகளும் 1966 இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன.

இரண்டாவது, அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் தொடங்கிய 'ஐ லவ் லூசி'. லூசில் போல் என்னும் நடிகையும், அவருடைய கணவரும் கியூபாவிற் பிறந்த இசைக்குழுத் தலைவருமான டெசி ஆர்னாஸும் இதில் கணவன் மனைவியாகவே நடித்தனர். ஆர்னாஸின் ஆங்கிலத்தில் தாய்மொழியாகிய ஸ்பானியத்தின் சாயல் அழுத்தமாக இருந்தது. இவரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பரோ என்று நிறுவனத்தார் தயங்கினர். மக்களோ மனமார ஏற்றனர். எழுதியவர்கள் விரைவில் ஒரு நுட்பத்தை உணர்ந்தனர். கணவரின் உச்சரிப்பை வேறொரு பாத்திரம் கேலி செய்தால் அவையோர் சிரிக்கவில்லை. லூசி கேலி செய்தால் மட்டும் சிரித்தனர். அன்பின் உரிமை பெற்றவளின் கேலி அது. அக்கதையில் அகப்பட்டு விழிப்பவளும் பெரும்பாலும் லூசியே. கேலி செய்பவளும் கேலிக்கு ஆளாகுபவளும் ஒருத்தியே ஆனதால், அங்கே சிரிப்பு ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம். ஆயினும் காலம் இரண்டையும் இரு தட்டில் வைத்துவிட்டது.

அமெரிக்கத் தொலைக்காட்சி கண்ட இவ்வுண்மையை இலங்கை வானொலி வேறொரு வழியாகக் கண்டது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாகினி 1982 இல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தமிழ் மக்களைச் சிரிக்கவைத்தது வானொலி. 'சானா' என அழைக்கப்பட்ட சண்முகநாதன் நாடகப் பகுதியை வளர்த்த காலத்தில் 'லண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்' முதலிய நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கைத் தயக்கமின்றி ஒலிபரப்பின. 1970 களில் வந்த 'கோமாளிகள்' என்னும் தொடர் மேலும் ஒருபடி சென்றது. இதில் நான்கு பாத்திரங்கள் நான்கு வகையாகத் தமிழ் பேசின. மரிக்கார் முஸ்லிம் மக்களின் வழக்கிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாண வழக்கிலும், ஐயர் அந்தணர் வழக்கிலும், உபாலி சிங்களவர் பேசும் தமிழிலும் உரையாடினர்.

இத்தொடரின் சிறப்பு, நடித்தவர் யார் என்பதில் விளங்குகிறது. மரிக்காராகப் பேசிய எஸ். ராமதாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசிய பி. எச். அப்துல் ஹமீத் அந்தணர் அல்லர், முஸ்லிம். உபாலியாகப் பேசிய எஸ். செல்வசேகரன் சிங்களவர் அல்லர், தமிழர். ஒருவர் மற்றவரின் நாவை இரவல் வாங்கிக்கொண்டனர். அவ்வாறு வாங்கியவர், தம் வழக்கையும் மற்றவர் கையில் கொடுத்திருந்தனர். நால்வரும் கோமாளிகளே, எனவே எவரும் தனியே கோமாளியாகவில்லை. 1976 இல் இது திரைப்படமாகவும் வந்து வரவேற்புப் பெற்றது. பின்னர் அந்நடிகர்கள் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே வாழ்நாள் முழுதும் அழைக்கப்பட்டனர். அயலாரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே பெருமையோடு தாங்கி நடந்த கலைஞர்கள் பிற நாடுகளில் மிகச் சிலரே இருப்பர்.

'கோமாளிகள்' காட்டிய கூட்டம் வானொலிக்குள் மட்டும் வாழ்வதன்று. அதனை நாள்தோறும் சந்தைக்குச் சந்தை காணக்கூடிய இடங்கள் இலங்கையில் உண்டு. புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள நுரைச்சோலை அவற்றுள் ஒன்று. ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. இடையே மணற்பாங்கான நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன. 900 மெகாவாற் வலுவுள்ள அனல்மின் நிலையம் அமைந்தபின் இவ்வூரின் பெயரை நாடு முழுவதும் அறிந்தது. இலங்கையின் தொலைக்காட்சிப் பெட்டிகளிற் பல, நுரைச்சோலையின் மின்னாலேயே ஒளிர்கின்றன.

இக்கரையோரத்தில் முஸ்லிம்களும், தமிழரும், சிங்களவரும், கத்தோலிக்க மீனவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இங்கே ஒரு சொல்லைக் கேட்டமாத்திரத்தில் அதன் பொருளை முடிவு செய்துவிட இயலாது. 'தாத்தா' என்னும் சொல்லைக் கருதுக. தமிழர் வீட்டில் அது பாட்டனைக் குறிக்கும். சிங்களவர் வீட்டில் தந்தையைக் குறிக்கும். மேற்குக் கரையோர முஸ்லிம்கள் வீட்டில் அதுவே மூத்த சகோதரியைக் குறிக்கும். "தாத்தா வருகிறார்" என்ற ஒரு செய்தியைக் கேட்டு மூன்று வீட்டார் மூன்று விதமாக எதிர்பார்த்து வாயிலில் நிற்பதாக ஒரு காட்சி எழுதினால் எவரும் சிரிப்பர். அதிலே எவரும் தாழ்வதில்லை. பேதைமையும் மடனும் பற்றிய நகை அது.

ஆனால் இதே மண்ணுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கற்பிட்டிக் குடாநாட்டு ஊர்கள் பல அவர்களுக்கு இடமளித்தன. வந்தவரும் முஸ்லிம்கள், வரவேற்றவரும் முஸ்லிம்கள், மொழியும் தமிழே. ஆயினும் வந்தவர் வாயைத் திறந்ததும் யாழ்ப்பாணத்தின் அல்லது மன்னாரின் ஓசை வெளிப்பட்டது. உடையாலும் தொழுகையாலும் வேறுபடாதவரைப் பேச்சு வேறுபடுத்திக் காட்டியது. அகதி என்ற அடையாளத்தை மறைக்க விரும்பிய குழந்தைக்கு அதன் நாவே சாட்சியாக நின்றது.

இத்தகைய ஊரில் நகைச்சுவைத் தொடர் வெறும் பொழுதுபோக்கன்று. நேற்றிரவு திரையில் எழுந்த குரல் இன்று காலை வகுப்பறை வாங்கில் எழுகிறது. பிள்ளைகள் பிறர் போலப் பேசிக்காட்டுவதில் வல்லவர்கள். திரையில் ஒரு வழக்கைப் பேசுபவன் எப்பொழுதும் முட்டாளாகவே வந்தால், வகுப்பிலும் அவ்வழக்கைப் பேசும் பிள்ளை முட்டாளாக்கப்படும். அப்பிள்ளை அழுவதில்லை, ஆசிரியரிடம் முறையிடுவதுமில்லை. வாய்விட்டு வாசிப்பதை நிறுத்துகிறது. விடை தெரிந்தும் கையை உயர்த்தாதிருக்கிறது. ஆண்டிறுதியில் அதன் புள்ளிகள் குறைந்திருப்பதற்குக் காரணம் தேடுவோர் எவரும் தொலைக்காட்சிப் பெட்டியைச் சந்தேகிப்பதில்லை.

இந்தத் தீமையைப் பெரிய நிறுவனங்களும் காலந்தாழ்ந்தே உணர்ந்தன. பிரித்தானியாவில் 1977 இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் தொடரை இலங்கையிலும் பலர் விரும்பிப் பார்த்தனர். ஆங்கிலம் கற்க வந்த பல நாட்டு மாணவர்கள் ஒரு வகுப்பில் அமர்ந்து சொற்களைப் பிழையாகப் பேசுவதே அதன் கதை. சீக்கியர், பாக்கிஸ்தானியர், இத்தாலியர், சீனர் என ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குணம். வாரந்தோறும் அதே குணம். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் மாணவர்களுள் எவரையும் மனிதராக அறிந்துகொள்ள இடமில்லை. இனங்களை ஒரே அச்சில் வார்க்கிறது என்ற குறை எழுந்து, 1979 இல் அது நிறுத்தப்பட்டது. வேறு மொழி கற்க முயல்பவரின் பிழை சிரிப்புக்குரியதாயின், சிரிப்பவருக்கு எத்தனை மொழி தெரியும் என்று அத்தொடர் ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம்.

இதற்கு மாறாக, 2000 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'தெனாலி' திரைப்படத்தை எண்ணிப் பார்க்கலாம். அதில் கமல்ஹாசன் இலங்கைத் தமிழில் பேசி நடித்தார். அவ்வழக்கைப் பயில அவருக்குத் துணைபுரிந்தவர், முன்பு கோமாளிகளுள் ஒருவராக ஒலித்த அப்துல் ஹமீத். இலங்கைத் தமிழருள் சிலர் அப்படத்தை மகிழ்ந்து வரவேற்றனர். சிலர் தம் பேச்சு சிரிப்புப் பொருளாயிற்றே என்று மனம் நொந்தனர். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆயினும் எதைக் கண்டாலும் அஞ்சும் அந்நாயகனின் அச்சத்துக்குப் பின்னே போரின் துயரம் நின்றது. பேச்சை நீக்கிவிட்டாலும் மனிதன் எஞ்சி நின்றான்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது புதிய தொடர்களை நிறுப்பதற்கான படிக்கற்கள் மூன்று கிடைக்கின்றன. பாத்திரத்தின் பேச்சு வழக்கை நீக்கியபின் அங்கே ஒரு மனிதன் எஞ்சுகிறானா என்பது முதலாவது. சிரிப்பு எல்லோரிடமும் முறைவைத்துச் சுற்றிவருகிறதா, அல்லது ஒருவர் தலையில் மட்டும் ஓயாது விழுகிறதா என்பது இரண்டாவது. அவ்வழக்கைப் பேசுபவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும்போதும் அதே சிரிப்பைச் சிரிக்க இயலுமா என்பது மூன்றாவது. இம்மூன்றும் தேறிய தொடர், பார்ப்போர் சிலரேயாயினும் சிறந்தது. தேறாத தொடர், நாடே பார்த்தாலும் கடைப்பட்டது.

தொடர் எழுதுவோர் ஓர் ஊரின் பேச்சை எடுத்தாள்வதற்கு முன் அவ்வூராரை அழைத்துக் கேட்பது நன்று. பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து பார்ப்பதும், நிகழ்ச்சி முடிந்தபின், "யாரைப் பார்த்துச் சிரித்தாய்?" என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்பதும் நன்று. ஆசிரியர்கள் வகுப்பிலுள்ள பல வழக்குகளையும் மறைக்காமல், 'தாத்தா' போன்ற சொற்களை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். அங்கே எழும் சிரிப்பில், நேற்றுவரை வாய் திறவாதிருந்த பிள்ளையின் குரலும் கேட்குமாயின், அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பே.