பூச்சி புழுவை எண்ணி என்ன பயன்?

"காட்டுப் பூச்சியையும் செடியையும் எண்ணினால் நமக்குப் பேர் கூடுமா?" என்று லயத்துக் கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயந்தான். ஓரிடத்தில் எத்தனை விதமான செடி, பூச்சி, பறவை, தவளை வாழ்கின்றன என்பதை உயிர்ப் பல்வகைமை என்கிறார்கள். அதற்கும் நம் கொழுந்துக் கூடைக்கும் தொடர்பு இருக்கிறது.

நம் பாட்டன் பூட்டன்மார் முதலில் இந்த மலைகளுக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. காட்டை வெட்டி மலைக்கு மலை கோப்பி ஒன்றையே நட்டார்கள். 1869 இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போல ஒரு பங்கசு நோய் கண்டது. தூள் காற்றில் பறந்தது. நடுவில் தடுக்க வேறு மரம் இல்லை, போய் விழுந்த இடமெல்லாம் கோப்பியே. 1880 இல் ஆராய வந்த ஹாரி மார்ஷல் வோர்ட் என்ற விஞ்ஞானி, இப்படி ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டது நோய்க்கு வசதியாகிவிட்டது என்று எடுத்துக் காட்டினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. அதுவும் ஒரே பயிர்தான்!

தேயிலைக்கும் ஒரு கதை உண்டு. இலைகளை ஒட்டிச் சுருட்டி உள்ளேயிருந்து தின்னும் புழுவைக் கொழுந்து எடுப்பவர்கள் அறிவார்கள். இதை அடக்க 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி என்றதும் பயப்பட வேண்டாம், மலையில் நம்மாட்களைக் கொட்டுகிற சாதி அல்ல இது. நுளம்பு போல மெல்லிய பூச்சி. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவைத் தின்றே வளரும். புழுத் தொல்லை நன்றாகக் குறைந்தது.

பிறகு தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியுமா? குளவியும் செத்தது. அடங்கியிருந்த புழு மறுபடி பெருகிவிட்டது. அந்த மருந்து இன்று பாவனையில் இல்லை. ஆனால் இம்மாதிரிக் குளவிகள் பெரும்பாலும் பூந்தேன் குடித்து வாழ்பவை. ஆற்றோரத்துக் காட்டுத் துண்டை விறகுக்காக மொட்டையாக்கினால் அவை எங்கே போகும்? விறகுக் கஷ்டம் நமக்கும் தெரியும். அதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாய் வெட்ட வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறோம்.

சரி, இதை எப்படி அளப்பது? காடு முழுவதையும் எண்ண முடியாது. பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை பார்ப்பதைப் போல, விஞ்ஞானிகள் சில சதுரங்களை மட்டும் குறித்து எண்ணுவார்கள். கயிறு கட்டிய வழியில் நடந்து பறவைகளைக் குறிப்பார்கள். மண்ணில் கோப்பையைப் புதைத்து, விழும் பூச்சிகளைப் பார்ப்பார்கள்.

எத்தனை இனம் என்பது மட்டும் போதாது. இரண்டு இடங்களில் 100 செடி வீதம் இருக்கின்றன, இரண்டிலும் 10 இனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் ஒரே இனம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. இரண்டாவதில் ஒவ்வொன்றும் பத்து. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு செடியைத் தொட்டால் அவை வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு முதல் இடத்தில் நூற்றுக்கு 17 அளவுதான், இரண்டாவதில் 90 க்கும் மேல். இனம் பத்து என்றாலும் முதல் இடம் கிட்டத்தட்டக் கோப்பி மலை மாதிரிதான். இந்தக் கணக்கைச் சிம்சன் சுட்டெண் என்பார்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரு லீவு நாளில் செய்து பார்க்கலாம். ஒரு மீற்றர் நீளமான நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி, தேயிலை மலையில் ஐந்து இடத்திலும் ஆற்றோரக் காட்டில் ஐந்து இடத்திலும் வைத்து எண்ணுங்கள். பெயர் தெரியாத செடிக்கு ஒரு இலையைக் கொப்பியில் ஒட்டினால் போதும். மருந்தடித்த மலைக்கு மட்டும் அன்று போக வேண்டாம்.