சதுரத்துக்குப் பின்னால் மறையும் பாடம்

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்ச காலத்தில், இறுப்பிட்டியிலிருந்து தாம்போதி கடந்து வேலணைக்கும், அங்கிருந்து பண்ணை வழியாக யாழ்ப்பாணத்துக்கும் போய்வர மோட்டார் சைக்கிள் ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள், அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் பதிந்து பெற்ற கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் கடதாசியில் அச்சடித்து, நனையாதபடி உறையிட்டுச் சட்டைப்பையில் வைத்துக் காத்த நாள்கள் மறக்கற்பாலன அல்ல. கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்காகக் கைக்கு வந்த அந்தக் கியூஆர் குறியீடே எங்களில் அநேகருக்கு இவ்விஞ்ஞான விநோதத்தின் முதற் பரிச்சயம்.

அந்த ஏற்பாட்டில் நான் மெச்சும் அம்சம் ஒன்றுண்டு. குறியை வாசிக்கும் கருவி நிலைய ஊழியரின் கையில் இருந்தது. ஆகவே, பதிவை அயலவர் எவரேனும் செய்துகொடுத்தால், கைத்தொலைபேசியே இல்லாத முதியவரும் கடதாசித் துண்டோடு வரிசையில் நின்று தம் பங்கைப் பெற முடிந்தது. வகுப்பறையிலோ இம்முறை தலைகீழாகிறது: சதுரம் புத்தகத்தில் இருக்கிறது; அதைத் திறக்கும் கருவியைத் தேடும் சுமை பிள்ளையின் தலையில் விழுகிறது.

2018 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் இக்குறிகள் இடம்பெற்றுக் காணொளிகளுக்கு வழிகாட்டுகின்றன. சோலாப்பூர் மாவட்டக் கிராமமொன்றில், கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கு இக்குறிகளின் துணையால் தாய்மொழியிற் பாடம் விளக்கிய ஆசிரியர் 2020இல் உலக ஆசிரியர் பரிசு பெற்றதும், அத்தொகையிற் பாதியை ஏனைய 9 இறுதிப் போட்டியாளரோடு பகிர்ந்ததும் போற்றத்தக்கன. பயனில்லை என்று சொல்ல நான் வரவில்லை. என் நெஞ்சை அரிப்பது வேறு.

1994இல் ஜப்பானில், மோட்டார் வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கிடவெனப் பிறந்த இக்குறி, சிதைவைத் தானே சீர்செய்யும் வல்லமையுடையது. அதியுயர் தரத்தில் அமைத்தால், ஏறக்குறைய 30 வீதம் அழிந்தாலும் வாசிக்கப்படும். தீவகத்தின் உப்புக் காற்றையும் அது தாங்கக்கூடும். ஆயினும், பாடநூற் சதுரத்துள் பொதிந்திருப்பது பாடமன்று, பாடம் இருக்கும் இடத்தின் விலாசமே. அவ்விடத்தைப் பராமரிப்போர் ஒருநாள் கைவிடின், சதுரம் பழுதின்றி இருக்கப் பாடம் மாத்திரம் மாண்டுபோகும். செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்குச் சிதைந்தேனும் ஏடு கிடைத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீக்குப் பறிகொடுத்த நாம், கையிலிருக்கும் எழுத்தின் அருமையை அறியாதவரல்லர். பாடநூல் ஆக்குவோரை நான் மன்றாடிக் கேட்பது ஒன்றே: காணொளியிற் சொல்லப்படுவதன் சாரத்தை, அந்தச் சதுரத்தின் கீழே, நான்கு வரியிலேனும் அச்சிடுங்கள்.