தகரப் பெட்டியிலிருந்து செல்போனுக்கு

பி.ஜி.எஸ். சான்று வாங்க நினைக்கிற பல பேர் களையெடுக்க அசர மாட்டாங்க. காகிதம் என்றால் மிரள்வாங்க. எந்த வயல்ல, எந்தத் தேதியில, என்ன இட்டோம், எங்கே வாங்கினோம் என்று கேட்பாங்க. ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலமே 2 வருஷம். அத்தனை நாள் ரசீது தாங்கணுமே! கடையில் தரும் வழவழப்பான பில்லில் மை கிடையாது, சூட்டில் கறுத்த எழுத்துதான். வெக்கையில் சில மாதத்திலேயே வெளிறிவிடும். புண்ணாக்கு பில்லை வாங்கின அன்றைக்கே படம் எடுத்துடுங்க.

எடுத்த படம் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவுல கிடந்தா யார் தேடுவது? '2025-06-14 மேலவயல் வேப்பம்புண்ணாக்கு' என்று வருஷத்தை முன்னால போட்டுப் பெயர் வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். கையால் எழுதும் பண்ணைக் குறிப்பேட்டை விட வேண்டாம். வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தையும் எடுங்க. இன்னொரு பிரதி பென்டிரைவில் இருக்கணும்.

பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்திலேயே இறக்கிக்கலாம். டிஜிலாக்கரில் துறையே வழங்கும் ஆவணம் 2016 விதிகளின்படி அசலுக்குச் சமம். நாமே ஏற்றிய ஸ்கேனுக்கு அந்த மதிப்பு கிடையாது. கிரயப் பத்திரம் வேற கதை. அடமானத்துக்கு வங்கி அசலைத்தான் கேட்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் கேட்டிருக்கேன். அதைப் படம் எடுத்து வச்சுக்கிட்டு, பத்திரத்தைத் தகரப் பெட்டியிலேயே விட்டுடுங்க.