பழைய விமானமும் சிநேகிதர் கைகளும்

சென்ற 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மராட்டியர்களின் ராணுவக் கேந்திரங்கள் என்ற பெயரால் பன்னிரண்டு கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஸ்தாபனத்தாரால் அங்கீகரிக்கப்பட்ட செய்தியை நேயர்கள் அறிவார்கள். அவற்றுள் பதினொன்று மஹாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. அச்செய்தியால் உண்டான மகிழ்ச்சியுடன் நாம் அண்மையில் செஞ்சிக்குச் சென்று, ராஜகிரியின் படிகளில் மூச்சு வாங்க ஏறி, உச்சியை அடைந்தோம். அங்கே கிடக்கும் பழைய பீரங்கி ஒன்றைச் சூழ்ந்துகொண்டு பள்ளிச் சிறுவர் சிலர் நின்றனர். அவர்களுள் ஒருவன் தன் உபாத்தியாயரை நோக்கி, "சார், இது இப்போது வெடிக்குமா?" என்று கேட்டான். "வெடிக்காது தம்பி, பார்த்துவிட்டு வா" என்றார் அவர். பையன் முகம் வாடிவிட்டது.

அவன் கேட்டது பிள்ளைத்தனமான கேள்வியன்று. மதிலையும் மண்டபத்தையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்தபோது அவன் அப்படியொன்றும் கேட்கவில்லை. கல்லுக்கு நிற்பதே தொழில்; நின்றால் போதும். யந்திரத்தின் நிலை வேறு. அது ஒரு காரியத்தைச் செய்வதற்காகப் பிறந்தது; அக்காரியத்தைச் செய்யாதபோது அதன் உருவம் மாத்திரமே மிஞ்சுகிறது. பீரங்கி வெடிக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஆனால் மனிதனுக்குச் சிறகு தந்த யந்திரங்கள் ஊமையாகக் கிடப்பது நியாயமா என்ற எண்ணம், அந்த மலையுச்சியில் வீசிய காற்றிலே நமக்கு உதித்தது.

அவ்வெண்ணம் அங்கே உதித்ததற்கு ஒரு காரணமும் உண்டு. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாடா அவர்கள், கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் பஸ் மாத் என்னும் சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் அதே தபாலை எடுத்துக்கொண்டு, பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். 1938-ஆம் ஆண்டில் அந்தத் தபால் மார்க்கம் சென்னையினின்று திருச்சி வழியாகக் கொழும்பு வரையில் நீண்டது. தேசப்படத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் நேர்கோடு ஒன்று இழுத்தால் அது திண்டிவனத்தை ஒட்டியே செல்லும். செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் முப்பது கிலோமீட்டர் தூரங்கூட இல்லை. கோட்டைக்காலம் முடிந்தபின் வந்த ஆகாயக்காலமும் இவ்வூரின் அருகேதான் வழி கண்டது. கோட்டையைக் காக்கச் சர்க்கார் இலாகா இருக்கிறது. அந்த ஆகாயக்காலத்தைக் காப்பவர் யார்?

பிற தேசங்களில் இதற்கு விடை சொன்னவர்கள் பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்லர். ஓய்வு நேரத்தில் ஒன்றுகூடும் சிநேகிதர்களே. இங்கிலாந்தில் பெட்போர்ட்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்னும் வாலிபர், 1932-ஆம் ஆண்டில் சிறிய மாத் விமானம் ஒன்றை வாங்கினார். 1935-இல், முந்திய தலைமுறையினர் கழித்து ஒதுக்கிய 1909-ஆம் ஆண்டுப் பிளேரியோ விமானத்தையும் 1910-ஆம் ஆண்டு டெபர்டூஸன் விமானத்தையும் பெற்று, தம் மெக்கானிக்கின் துணையுடன் பழுது பார்த்துப் பறக்கச் செய்தார். 1940-இல், யுத்த கால விமானப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் அவர் தமது முப்பத்தொன்றாம் வயதில் உயிர் துறந்தார். அவருடைய தாயார் துக்கத்தில் மூழ்கிவிடாமல், 1944-இல் மகன் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். ஓல்ட் வார்டன் என்ற கிராமத்திலுள்ள அவ்விமானக் கொட்டகைகளில், அந்தப் பிளேரியோ இன்றைக்கும் தன் ஆதி எஞ்சினுடனேயே இருக்கிறது. காற்றடங்கிய மாலை வேளைகளில் தரையை விட்டுச் சற்றே எழும்பி இறங்குகிறது. அமெரிக்காவில் 1953-இல் மில்வாக்கி நகரத்தில் பால் போபரெஸ்னி என்பவர் தம் நண்பர் சிலரோடு ஆரம்பித்த சங்கம், அவர் வீட்டு நிலவறையிலேயே காரியாலயம் வைத்து வளர்ந்தது. இன்று ஆஷ்காஷ் என்னுமிடத்தில் அச்சங்கத்தார் வருஷந்தோறும் நடத்தும் கூட்டத்திற்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன.

இந்தச் சிநேகிதர்கள் செய்யும் வேலைதான் என்ன? டைகர் மாத் என்னும் விமானத்தை உதாரணமாகக் கொள்வோம். 1931-இல் முதன்முதல் பறந்த இவ்விமானம் 8,000-க்கு மேல் உற்பத்தியாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நமது இளைஞர்கள் பறக்கக் கற்றுக்கொண்டது இதில்தான். இதன் உடற்கூடு எஃகுக் குழாய்களால் ஆனது. இறக்கைகளின் சட்டங்கள் மரத்தால் ஆனவை. மேலே போர்த்தியிருப்பது துணி. நான்கு சிலிண்டர்கள் கொண்ட 130 குதிரைச் சக்தி எஞ்சின்; விசிறியைக் கையால் சுழற்றித்தான் அதனை உயிர்ப்பிக்க வேண்டும்.

முதற்காரியம் துணியை உரிப்பது. அதன் கீழே மறைந்து கிடந்தவை அப்போதுதான் தெரியும். அக்காலத்து விமானங்கள் பலவற்றில் மரச் சட்டங்களை ஒட்டியது பாலின் சத்திலிருந்து செய்த பசை. ஈரம் படப்பட அது பூஞ்சை பிடித்துப் பொடியாகிவிடும். ஆகையால் ஒவ்வொரு மூட்டையும் தட்டிப் பார்த்து, ஐயமுற்றதைப் பிரித்து, ஆகாய விமானத்திற்கென்று தேர்ந்த மரத்தால் புதிதாக இணைக்க வேண்டும். எஃகுக் குழாய்கள் வெளியே பளபளத்தாலும் உள்ளே துருவேறியிருக்கக்கூடும். அதையும் சோதித்தாக வேண்டும். பிறகு புதுத் துணியைப் போர்த்தி, மெழுகேற்றிய நூலால் சட்டங்களோடு சேர்த்து ஒவ்வொரு விலா எலும்புக்கும் தைக்க வேண்டும். அதன்மேல் டோப் என்னும் திரவத்தைப் பல முறை பூசுவார்கள். அது காயக் காயத் துணி இறுகி, தட்டினால் மத்தளத் தோல் போல ஒலிக்கும். இறக்கைகளுக்கிடையே உள்ள கம்பிகளை முறுக்கிச் சரியான கோணத்திற்குக் கொணர்வது கடைசி வேலை. செய்ததனைத்தையும் லாக் புத்தகத்தில் எழுதி, உரிமை பெற்ற எஞ்சினீயர் கையொப்பமிட்ட பின்னரே யந்திரம் கொட்டகைக்கு வெளியே வரும். வருஷங்கள் பல ஆகும். ஒருவர் பணத்தாலோ ஒருவர் பொறுமையாலோ ஆகக்கூடிய காரியமன்று. ஆகையினாலேதான் இதைச் சிநேகிதர்கள் செய்கிறார்கள்: ஒருவர் தச்சு அறிந்தவர், ஒருவர் எஞ்சின் அறிந்தவர், ஒருவருக்குத் தைக்க வரும், ஒன்றும் வராதவர் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே கற்றுக்கொள்வார்.

துணியும் மாறி, மரமும் மாறி, கம்பியும் மாறியபின் அது பழைய விமானந்தானா என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை தேட வேண்டியதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையாகிப் புதிதாகச் செய்யப்பட்டது. 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்று, 1970-இல் மீண்டும் வீதியில் உருண்டது. இன்று அதற்குத் திருச்சி பெல் தொழிற்சாலையார் அமைத்த இரும்புச் சக்கரங்கள். வடம் பிடிப்பவர்களில் ஒருவரேனும் இது வேறு தேர் என்று சொல்லக் கேட்டதுண்டா? தேர் என்பது மரக்கட்டைகளின் தொகுதியன்று; செய்யத் தெரிந்த கைகளும், இழுக்க விரும்பும் கைகளும் அற்றுப்போகாமல் தொடர்ந்து வருவதே தேர். விமானமும் அப்படித்தான்.

இனி நமது தேசத்து நிலைமையைப் பார்ப்போம். நமது விமானப்படையார் பழைய விமானங்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றை வைத்திருப்பது பாராட்டத்தக்கது. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி, விமானப்படையின் எண்பதாம் ஆண்டு விழாவில், டைகர் மாத் ஒன்று ஹிண்டன் தளத்தின்மேல் பறந்தபோது கண்டவர் நெஞ்சம் பூரித்தது. 2018-இல் டகோட்டா ஒன்றும் வந்து சேர்ந்தது. டகோட்டா விமானி ஒருவரின் புதல்வரான ராஜீவ் சந்திரசேகர் அவர்கள் அதைத் தேடி வாங்கிப் படைக்கு நன்கொடையாக அளித்தார். 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகருக்கு நமது சிப்பாய்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண்ணையே அதற்குச் சூட்டிப் பரசுராமன் என்று பெயரிட்டார்கள். இவை யாவும் நமக்குப் பெருமையே. ஆனால் அவ்விரு விமானங்களும் பழுது பார்க்கப்பட்டது எங்கே? இரண்டும் இங்கிலாந்தில். வேலை செய்தவர்கள் மீது நமக்குக் குறையொன்றுமில்லை. அவர்களுடைய திறமைக்குத் தலை வணங்குகிறோம். எனினும் நம் நினைவுகளைப் பழுது பார்க்கக் கடல் கடந்து அனுப்ப வேண்டியிருந்ததே என்ற எண்ணம் முள்ளாகத் தைக்கிறது.

இங்கிலாந்தில் பிறந்த விமானங்களுக்கு அங்கே வைத்தியர் உண்டு. நம்மிடம் பிறந்தவற்றிற்கு? பெங்களூரில் 1940-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், டாக்டர் காட்கே அவர்களின் தலைமையில் உருவான எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. சுதந்திர இந்தியா தானே வகுத்துத் தானே கட்டிய விமானம் அது. 1958-இல் அதே தொழிற்சாலையில் புஷ்பக் பிறந்தது. இருவர் அருகருகே அமரத்தக்கது. எஃகுக் குழாயும் துணியும் 90 குதிரைச் சக்தி எஞ்சினும் கொண்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புஷ்பக்குகள் செய்யப்பட்டு, நாடெங்கும் உள்ள விமானக் கிளப்புகளுக்குச் சென்றன. ஒரு தலைமுறை விமானிகள் முதன்முதலாகத் தனியே பறந்தது அவற்றில்தான். புராணத்துப் புஷ்பக விமானத்திற்கு எத்தனை பேர் ஏறினும் ஓரிடம் காலியாயிருக்குமென்பர். நம் புஷ்பக்கிற்கோ வைத்துக்கொள்ளவே இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இங்கிலாந்துக்காரர் இதைக் காக்க வருவாரென்று எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பதும் தகாது. 1960-களில் இதன் துணியைத் தைத்து டோப் பூசிய மெக்கானிக்குகள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். பிரதி புத்தகங்களை அச்சிட்டுக்கொள்ளலாம். கைப்பழக்கத்தை அச்சிட முடியாது. ஒரு கை மற்றொரு கைக்கு அருகிலிருந்து கற்பிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

ஏழைகள் மலிந்த தேசத்தில் இது என்ன ஆடம்பரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டுவோம். 1950-களில் ராமேசுவரத்து வாலிபர் ஒருவர் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். அங்கே காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த, பணியினின்று நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் தம்மைப் பெரிதும் ஈர்த்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். விமானவியலையே தம் துறையாகத் தேர்ந்துகொண்டார். அவரே பின்னர் ராஷ்டிரபதியாக விளங்கிய அப்துல் கலாம். பறக்காத இரண்டு விமானங்கள் செய்த வேலை அது. அவற்றைப் பிரித்துப் பார்க்கவும் தைத்துப் பார்க்கவும் மாணவர்களை விட்டால் என்னென்ன விளையுமென்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நாம் கூறுவது இதுதான். மூலைகளில் சிதைந்து கிடக்கும் சிறு விமானங்களைக் கிளப்புகளும் கல்லூரிகளும் பழைய இரும்புக்குத் தள்ளிவிடாமல், பொறுப்பேற்க முன்வரும் குழுவினரிடம் ஒப்படைக்க வேண்டும். அனுபவமுள்ள முதியவர்களை ஒவ்வொரு குழுவும் தேடியழைத்து வந்து நாற்காலியிட்டு உட்காரவைத்துக் கற்க வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்க்கு அங்கே பயிற்சி அளிக்க வேண்டும். உல்லாசத்திற்காக மாத்திரம் பறக்கும் பழைய யந்திரங்களைப் பிரயாணிகள் விமானத்தோடு ஒரே தராசில் நிறுக்காமல், அவற்றிற்கேற்ற தனிச் சோதனைகளை வகுத்து அனுமதியளிக்கும் இங்கிலாந்து முறையை விமான இலாகாவினர் நன்கு ஆராய்ந்து கைக்கொள்ள வேண்டும். பாதுகாப்பில் அணுவளவும் தளர்த்த நாம் சொல்லவில்லை. பறக்கத் தகாததென்று எஞ்சினீயர் சொன்னால், எஞ்சினை மாத்திரம் ஓடவிட்டுக் காட்டுவதும் போதும். ஓல்ட் வார்டனில்கூடக் காற்று சிறிது எழுந்தால் பிளேரியோவைக் கொட்டகையை விட்டு எடுப்பதில்லை. அடக்கம் இல்லாத ஆர்வம் யந்திரத்தையும் அழிக்கும், ஓட்டுபவனையும் அழிக்கும்.

செஞ்சியில் தேசிங்கு ராஜனை நினைக்காமல் இருப்பவர் யார்? எவருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கினான் என்று ஜனங்கள் கதை சொல்வார்கள். ஆனால் அக்கதையில் நம் நெஞ்சை உருக்குவது குதிரையன்று. கலியாணப் பந்தலை விட்டெழுந்து வந்து நண்பனோடு போருக்கு நின்ற முகம்மது கானே. 1714-இல் தேசிங்கு மாண்டான். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சிநேகம் மாளவில்லை. ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஆழ்ந்த பிளவு ஒன்று உண்டு. அக்காலத்தில் அதன்மேல் போடப்பட்ட சிறு மரப்பாலம் ஒன்றே கோட்டைக்கு வழி. எவ்வளவு பெரிய கோட்டையாயினும் அந்தப் பலகைகளைச் சிலர் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்ததனாலேயே அதனுள் புக முடிந்தது. நமது ஆகாயச் சரித்திரத்திற்கும் அத்தகைய பாலம் ஒன்று வேண்டும். பத்து சிநேகிதர்கள் சேர்ந்தால் அதைப் போட்டுவிடலாம். அடுத்த முறை ஒரு சிறுவன், "சார், இது இப்போது பறக்குமா?" என்று கேட்கும்போது, "பறக்கும் தம்பி, வா, விசிறிக்கு எட்டி நின்று பார்" என்று சொல்லத்தக்க ஓர் இடமேனும் தமிழ்நாட்டில் அமையுமாக.