ரான்சம்வேர்ல கிரிப்டோவுக்கு என்ன வேலை? சம்பளக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

2024 ஜூலை 31, மாசக் கடைசி நாள். நாடு முழுக்க சுமார் 300 கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகளோட வாடிக்கையாளர்களுக்கு யூபிஐ வேலை செய்யலை. ஏடிஎம்லயும் பணம் எடுக்க முடியலை. அந்த வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தர்ற சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனத்துல ரான்சம்வேர் புகுந்திருக்கலாம்ங்கிற சந்தேகத்துல, என்பிசிஐ அந்த நிறுவனத்தோட இணைப்பைத் தற்காலிகமா துண்டிச்சது. மறுநாள் இணைப்பு திரும்ப வந்துடுச்சு. யாரோட டெபாசிட்டும் காணாமப் போகலை. ஆனா கணக்குல பணம் இருந்தும் தொட முடியாத ஒரு நாள் எப்படி இருக்கும்னு பல பேருக்குப் புரிஞ்சது.

ரான்சம்வேர்னா என்ன?

உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைல்களை எல்லாம் ஒரு புரோகிராம் பூட்டிடும். திறக்கிற சாவி தாக்கினவன்கிட்ட மட்டும்தான் இருக்கும். "பணம் கொடு, சாவி தர்றேன்"னு ஸ்கிரீன்ல ஒரு அறிவிப்பு வரும். தமிழ்நாட்டுலயே நடந்திருக்கு. 2021 செப்டம்பர்ல தமிழக அரசோட பொதுத்துறை கம்ப்யூட்டர்கள் இப்படித் தாக்கப்பட்டுச்சு. கேட்ட தொகை 1,950 டாலர், அன்றைய மதிப்புல சுமார் 1.4 லட்சம் ரூபாய். அதையும் கிரிப்டோகரன்சியாத்தான் கேட்டாங்க.

ஏன் கிரிப்டோ? இங்கதான் விஷயமே இருக்கு.

பூட்டுறது சுலபம், வசூல்தான் கஷ்டம்

ரான்சம்வேர் புதுசு இல்ல. 1989-லயே ஜோசப் பாப்ங்கிறவர் ஃபிளாப்பி டிஸ்க்குகளைத் தபால்ல அனுப்பி, ஃபைல் பெயர்களைப் பூட்டி, 189 டாலர் கேட்டார். பணத்தைப் பனாமாவுல இருக்கிற ஒரு அஞ்சல் பெட்டிக்கு அனுப்பணும்! பிறகு கைதும் ஆனார். ஆள் கடத்தல்லயும் இதே கதைதான். கடத்துறவன் பெரும்பாலும் மாட்டுறது பணம் வாங்க வர்ற இடத்துலதான். பேங்க் டிரான்ஸ்ஃபர் கேட்டா கணக்கு யார் பேர்லன்னு தெரிஞ்சுடும், வங்கி நிறுத்தியும் வச்சிடும்.

பிட்காயின் வந்த பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்துடுச்சு. 2013-ல வந்த கிரிப்டோலாக்கர் பிட்காயின்ல வசூல் பண்ணிக் காட்டுச்சு. 2017 மே மாசம் வன்னாக்ரை சுமார் 150 நாடுகள்ல பரவி, ஒரு கம்ப்யூட்டருக்கு 300 டாலர் கேட்டது. மூணு நாள்ல கட்டலைன்னா 600. தாக்குறவனுக்கு இதுல மூணு வசதி: நடுவுல வங்கி இல்லை, எல்லை தாண்டி சீக்கிரமே போயிடும், அனுப்பினா திரும்பி வராது.

அப்போ கண்டுபிடிக்கவே முடியாதா?

பல பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. பிட்காயின் பரிவர்த்தனை எல்லாம் பிளாக்செயின்ல பதிவாகும், யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஊர் நடுவுல ஒட்டி வச்ச பாஸ்புக் மாதிரி. பேர் மட்டும் இருக்காது.

2021 மே மாசம் அமெரிக்காவோட கொலோனியல் பைப்லைன் நிறுவனம் 75 பிட்காயின் கட்டுச்சு, அப்போ அதோட மதிப்பு சுமார் 44 லட்சம் டாலர். அடுத்த மாசமே அமெரிக்க அதிகாரிகள் தடம் பிடிச்சுப் போய் 63.7 பிட்காயினைப் பறிமுதல் பண்ணினாங்க.

அதனால தாக்குறவனுக்குக் கடைசிப் படிதான் ஆபத்து. கிரிப்டோவை அரிசி, பருப்பு வாங்குற பணமா மாத்தணும். இந்தியாவுல 2023 மார்ச்ல இருந்து கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. கேஒய்சி கட்டாயம், சந்தேகமான பரிவர்த்தனையை அரசுக்குச் சொல்லணும். நேரா அங்க போனா மாட்டுவான். வேற ஒருத்தர் பேர்ல கணக்கு வேணும்.

அந்த "வேற ஒருத்தர்" நீங்களா இருக்கக் கூடாது

"உங்க கணக்குக்குப் பணம் வரும், யூஎஸ்டிடி வாங்கி அனுப்புங்க, 2% கமிஷன்"னு டெலிகிராம்ல வர்ற பார்ட் டைம் வேலை எல்லாம் இந்த ரகம்தான். ரான்சம்வேர் ஆகட்டும், ஆன்லைன் மோசடி ஆகட்டும், பணம் கைமாற இதே வழிதான்.

எக்ஸ்சேஞ்சுக்கு வெளிய, முன்பின் தெரியாத ஆள்கிட்ட பி-டூ-பி முறையில வாங்கி விக்கிறதும் இப்படித்தான் மாட்டிவிடும். வாங்கினா, கைக்கு வர்ற காயின் குற்றப் பணமா இருக்கலாம். வித்தா, உங்க கணக்குக்கு வர்ற ரூபாய் எங்கயோ ஏமாந்த ஒருத்தரோடதா இருக்கலாம். அவர் புகார் கொடுத்தா, போலீஸ் பணம் போன தடத்தைப் பிடிச்சு வந்து உங்க கணக்கை முடக்கச் சொல்லும். அது சம்பளக் கணக்கா இருந்தா வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாம் நின்னுடும்.

ஒரு சிஏவா இதையும் சொல்லிடறேன். கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, விற்பனைக்கு 1% டிடிஎஸ் உண்டு. ஆனா வரி கட்டிட்டா பணம் சுத்தம்னு அர்த்தம் இல்லை. அது எங்கிருந்து வந்ததுங்கிற கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

பணம் கட்டினா ஃபைல் கிடைக்குமா?

உத்தரவாதம் இல்லை. 2017 ஜூன்ல நாட்பெட்யா வந்தது. உக்ரைன்ல பயன்படுத்துற ஒரு அக்கவுண்டிங் சாஃப்ட்வேரோட அப்டேட் வழியாப் பரவி, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கி, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல ஒரு டெர்மினலையும் நிறுத்துச்சு. எட்டயபுரத்துல இருந்து தினமும் பஸ் பிடிச்சு தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ்களுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு இது சட்டுனு புரியும்: சிஸ்டம் நின்னா கன்டெய்னர் லாரி கேட்லயே நிக்கும். மெர்ஸ்க்குக்கு நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். ஸ்கிரீன்ல 300 டாலர் கேட்டுச்சே தவிர, பூட்டைத் திறக்கிற வழியே அந்த புரோகிராம்ல இல்லை. கட்டினவங்க பணம் போனதுதான் மிச்சம்.

மறுபக்கம் டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்னிக்கு தாக்குதல், 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டுச்சு. பல நாள் ஓபி சீட்டு எல்லாம் கையால எழுதினாங்க. ஆனா பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால இ-ஹாஸ்பிட்டல் டேட்டா திரும்பக் கிடைச்சது. பேக்கப் இருந்தா தாக்குறவன் சொல்ற விலைக்கு நாம தலையாட்ட வேண்டியதில்லை.

நீங்க செய்ய வேண்டியது

1. கிராக் சாஃப்ட்வேர் வேண்டாம். ஸ்டாப் டிஜேவியூ ரான்சம்வேர் அதிகம் பரவினதே அப்படித்தான். அதோட பல வகைகள் 980 டாலர் கேட்டுச்சு, 72 மணி நேரத்துக்குள்ள கட்டினா பாதி. அந்தப் பாதியே சுமார் 40 ஆயிரம் ரூபாய். நம்மள்ல பல பேருக்கு ஒரு மாசச் சம்பளம்.

2. ஃபார்ம் 16, பே ஸ்லிப், சொத்துப் பத்திரம், குடும்பப் போட்டோ எல்லாத்தையும் ஒரு ஹார்டு டிஸ்க்ல எடுத்து, கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி வையுங்க. சொருகியே வச்சா அதையும் சேர்த்துப் பூட்டிடும்.

3. ஒருவேளை மாட்டிட்டா முதல்ல வைஃபையைத் துண்டிங்க. அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணாதீங்க. யூரோபோல் பங்கேற்கிற "நோ மோர் ரான்சம்" தளத்துல சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி இருக்கு. 1930-க்கு ஃபோன் பண்ணிப் புகார் கொடுங்க.

4. ஆபீஸ் கம்ப்யூட்டர்னா உடனே ஐடி டீமுக்குச் சொல்லுங்க. திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. 2022-ல வந்த உத்தரவுப்படி, தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள நிறுவனம் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்கணும். நீங்க தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பக்கத்து கம்ப்யூட்டருக்கும் பரவும்.

5. வங்கிக் கணக்கு, சிம், எக்ஸ்சேஞ்ச் லாகின், எதையும் யாருக்கும் வாடகைக்கு விடாதீங்க. நண்பனே கேட்டாலும் சரி.

6. சம்பளக் கணக்கு தவிர இன்னொரு வங்கியில ஒரு மாசச் செலவுக்குப் பணம் வையுங்க. ஜூலை 31 மாதிரி ஒரு நாள் வந்தா பால் பாக்கெட்டுக்காவது உதவும்.

இதுல ரெண்டாவதை இந்த ஞாயிற்றுக்கிழமையே முடிச்சிடுங்க. அரை நாள்கூட ஆகாது.