ஒலிவாங்கியின் ஸ்தானம்

ஈக்வலைஸரைத் தொடாமலே ஒரு பாட்டின் மிக்ஸிங்கையும் மாஸ்டரிங்கையும் முடித்துவிடலாம் என்கிறார்களே, அது மெய்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மெய்தான்; ஆனால் அதைத் தூய்மையின் அத்தாட்சியாகப் பறைசாற்றுவோரின் வார்த்தையை நான் அப்படியே ஏற்பதற்கில்லை.

அந்தச் சாதனத்தின் பூர்வ சரித்திரம் சுருக்கமானது: நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் உயர்ந்த அதிர்வெண்கள் நலிந்துபோவதை ஈடுசெய்யப் பிறந்து, பின்னர் சினிமாவுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னே நிற்கும் கருவி ஒன்று உண்டு. ஒலிவாங்கியை வைக்கும் இடமே அது. முன்னும் பின்னும் திறந்த ரிப்பன் ஒலிவாங்கியில், முன்புறத்தைத் தாக்கும் அழுத்தத்துக்கும் சுற்றிவந்து பின்புறத்தை அடையும் அழுத்தத்துக்கும் உள்ள வேற்றுமையே ரிப்பனை அசைக்கிறது. அந்தச் சுற்றுவழி 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டராதலால் அதற்குள் அலை கால் சுற்றுக்கு மேல் திரும்பிவிடுகிறது, வேற்றுமையும் பெரிதாகிறது; 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 3.4 மீட்டர், ஆகவே வேற்றுமை நூற்றுக்கு 5 அல்லது 6 பங்குதான். அதிர்வெண் ஏற ஏறத் தள்ளும் விசை பெருக, அதே விகிதத்தில் ரிப்பனின் நிறை வேகமான அசைவைத் தடுக்க, இரண்டும் ஈடாகி எல்லா ஒலிகளும் சமமாக வெளிப்படுகின்றன என்பது எத்தனை அழகான சூக்ஷ்மம்! இனிப் பாடகரை 5 சென்டிமீட்டருக்கு நெருங்கி வரச் சொல்லுங்கள். முன்புறத்துக்கு 5, பின்புறத்துக்கு 8 என்று தூரங்கள் அமைய, தூர பேதத்தால் மாத்திரமே அழுத்தம் நூற்றுக்கு 37 பங்கு குறைந்துபோகிறது. தாழ்ந்த ஒலியின் வேற்றுமை ஏறக்குறைய ஏழு மடங்காகி, குரலில் கார்வை பொங்குகிறது. பாடகர் ஒரு மீட்டர் விலகினால் அந்தக் குறைவு 3 பங்காகச் சுருங்கிவிடும். ஆகையால் ஓரிரு அடி பின்வாங்கி நிற்பதே ஈக்வலைஸரின் குமிழைத் திருப்புவதற்கு நிகரானது.

கருவிகளைச் சேர்த்து அமைப்பதோ ஊடுபயிர் வைப்பதைப் போன்றது. தென்னைக்குக் கீழ் வாழை, வாழைக்குக் கீழ் மஞ்சள் என்று வெளிச்சத்தை உயரவாரியாகப் பங்கிட்டு நட்டவனுக்கு ஓலை கழிக்கும் வேலை சொற்பம். இரண்டு தென்னைகளை நெருக்கி நட்டவன் ஆயுள் முழுவதும் அரிவாளோடு நிற்க வேண்டும். ஆனால் ஒலியின் தோப்பில் நிழல் கீழிருந்து மேலே விழுகிறது. உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள அதிர்வெண்களைச் செவியில் மறைக்கும் அளவுக்கு, உயர்ந்த ஒலி தாழ்ந்ததை மறைப்பதில்லை. ஆகவே இங்கே முதலில் மட்டுப்படுத்த வேண்டியது மஞ்சளைத்தான்: பாஸ் கிட்டார் சற்று இடைவெளிவிட்டு வாசித்தால் மேலே இருக்கும் வாழைக்கும் தென்னைக்கும் வெளிச்சம் கிடைத்துவிடும்.

1987 நவம்பர் 27 அன்று கனடாவின் டொரான்டோ நகரத்து ஹோலி டிரினிடி தேவாலயத்தில், கௌபாய் ஜங்கீஸ் குழுவினர் ஒரே ஒரு கால்ரெக் ஒலிவாங்கியைச் சூழ்ந்து 'தி டிரினிடி செஷன்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, தயாரிப்பாளர் பீட்டர் மூர் கருவிகளின் இடத்தையும் தூரத்தையும் கொண்டே ஒலியைச் சமன்செய்தார். பாடகி மார்கோ டிமின்ஸின் மெல்லிய குரல் மட்டும் ஒலிபெருக்கியின் வழியே வந்தது. நேராக இரண்டு தடங்களில் பதிந்ததால் பின்னால் கலப்பதற்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பதிவைக் கேட்டவர்கள் அதன் விசாலத்தை எளிதில் மறக்கமாட்டார்கள்.

எல்லோருக்கும் தேவாலயம் வாய்ப்பதில்லை. சிறிய அறையின் சுவர்களுக்கிடையே ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் முழங்கிப் பதிந்துவிட்டால், ஈக்வலைஸர்தான் அதை அடக்க எளிய உபாயம். அதை மறுத்துப் பாட்டைக் கெடுப்பது எந்த விதத்திலும் நியாயமாகாது. மேலும், ஈக்வலைஸரைத் துறந்தது என்று விளம்பரம் செய்யப்படும் எல்.பி. தட்டுகளிலும், 1954-ல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் அமெரிக்கச் சங்கம் வகுத்த முறைப்படி, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட, 20 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 20 டெசிபல் தாழ்த்தியும் 20,000 ஹெர்ட்ஸை ஏறத்தாழ அதே அளவு உயர்த்தியும்தான் பள்ளத்தை வெட்டுகிறார்கள். தாழ்ந்த ஒலியின் அகன்ற அசைவு பக்கத்து வரியில் மோதாதிருக்கவும், தட்டின் இரைச்சல் அமுங்கவும் அது அவசியமாகிறது. நம் வீட்டு ஆம்ப்ளிஃபயர் அதை நேர் எதிராகத் திருப்பித் தருகிறது. ஆதலால் அத்தகைய தட்டின் உறையில் உள்ள வாசகத்தை, மிக்ஸிங் மேசையில் ஒருவரும் குமிழைத் தொடவில்லை என்ற அளவுக்கு மட்டுமே வாசகர் நம்பலாம்.